பட்லர் மதலைமுத்துவின் நூற்றொன்று

பட்லர் மதலைமுத்து கை கழுவி முடிக்கும்வரை குழந்தையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விரல் விரலாகச் சோப்புப் போடுகிறார், நகக்கண்ணைத் தேய்க்கிறார், முழங்கைவரை தண்ணீர் விடச் சொல்கிறார். உள்ளே குழந்தை வாந்தியெடுத்துவிட்டுச் சிணுங்குகிறது, தாய் தவிக்கிறாள், தண்ணீர் ஊற்றுகிற தகப்பன் செம்பைச் சாய்த்தபடி உள்ளேயே எட்டிப் பார்க்கிறான். இவரோ, "டவல் தொவைச்சதா, சும்மனே மடிச்சு வெச்சதா?" என்று விசாரிக்கிறார். துவைத்த துண்டு வந்த பிறகுதான் அறைக்குள் போவார். போனதும், "ஜன்னல தெறங்க. யாரும் பேச வேணாம்," என்பார்.

பிறகு வெள்ளை டிரில் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு வெளியே வரும். அதில் மூக்குக்கண்ணாடி கிடையாது; பஞ்சுக்கு நடுவில் ஒரு தெர்மாமீட்டர் படுத்திருக்கும். அதை எடுத்து மணிக்கட்டை ஓர் உதறு உதறி, குழந்தையின் அக்குளில் வைத்துக் கையை மடக்கிப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கை குழந்தையின் பாதத்தைப் பற்றியிருக்கும். உதைக்காமல் இருக்கத்தான் என்று கேட்டவர்களுக்குச் சொல்வார். உதடு ஜெபத்தில் அசையும். ஜெபம் முடிந்ததும் கண்ணாடிக் குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அப்படியும் இப்படியும் உருட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தியொண்ணு," என்பார்.

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் நூற்றொன்றுதான். கிறிஸ்தவக் குழந்தைக்கும் நூற்றொன்று, இந்துக் குழந்தைக்கும் நூற்றொன்று. சாதி மதம் பாராட்டாத இந்தக் காய்ச்சலைப் பற்றி, கண்டோன்மெண்ட் ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு ஆரம்பத்தில் பெருமையாகக்கூட இருந்தது. பத்து மனிதர் ஒரு தெருவில் ஒத்துப்போகாத இந்தக் காலத்தில் காய்ச்சலாவது ஒத்துப்போகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மதலைமுத்து வைத்தியர் அல்ல. ராணுவ டாக்டரான ஒரு மேஜர் துரையிடம் பட்லராக இருந்தவர். துரை பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குப் புறப்பட்டபோது ஆயாவுக்கு ஒரு கம்பளி கிடைத்தது, தோட்டக்காரனுக்கு ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது, மதலைமுத்துவுக்குத் தெர்மாமீட்டர் கிடைத்தது. அந்தக் காட்சியை அவர் நடித்தே காட்டுவார். "தொரை என் கையில வெச்சாரு சார். 'மட்லமுட்டு, யூ கீப்' அப்டின்னாரு. சைக்கிள் யாரு வேணா வாங்கலாம். இத தொரை நம்பிக் குடுத்தாரு." சைக்கிள் வாங்கிய தோட்டக்காரன் இன்றும் அதில்தான் போய்வருகிறான் என்பதை நாங்கள் யாரும் குறிப்பிடுவதில்லை.

இப்போது காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவில், கல்யாணமாகாத வயதான ஆங்கிலேயச் சகோதரிகளான இரண்டு மிஸ்ஸிமார்களிடம் வேலை. அவர்களுக்குக் காய்ச்சலே வருவதில்லை என்பது அவருக்கு ஒரு மனக்குறை. சமையல்காரன் நின்றுபோய் வெகுநாளாகிறது. சூப்பும் கட்லெட்டும் இவரே செய்கிறார். கோட்டில் எப்போதும் வெங்காயமும் வினிகரும் மணக்கும். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். "குக்கு வேற, பட்லர் வேற சார்," என்று சொல்லி, கேட்டவரை மேலே போகவிடமாட்டார்.

இந்தக் கௌரவம்தான் அவருடைய வைத்தியத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. "நூத்தியொண்ணு" என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அதற்குப் பிறகு சொல்வதை, அடுப்பங்கரை சமாசாரம் என்பதால், வாய்க்குள்ளேயே சொல்வார். "பால் பந்த். ரொட்டி பந்த். பார்லி இருக்கா? இல்லன்னா அரிசிக் கஞ்சித் தண்ணி. ஸ்வல்பம் உப்பு, ஸ்வல்பம் சக்கர." கோட்டின் வெளிப்பையிலிருந்து ஒரு வெள்ளி டீ ஸ்பூன் வரும். அதன் காம்பில் ஏதோ ஒரு படைப்பிரிவின் முத்திரை தேய்ந்துபோய் இருக்கிறது. அதையும் மேஜர் நம்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த ஸ்பூனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு ஸ்பூன் கொடுத்ததும் ஜெபமாலையில் பத்து மணி உருட்ட வேண்டும். பத்து முறை மாதாவின் 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். "கொழந்த கேக்குதுன்னு சேத்துக் குடுத்தா, போன வழியே திரும்பி வந்துடும்." கோடி வீட்டு அலர்மேல்மங்கை தனக்கு அந்த மந்திரம் வராது என்று தயங்கியபோது, "உங்க பெருமாள் பேரையே சொல்லுங்கம்மா. ஆனா ஜல்தியா சொல்லக் கூடாது," என்று அனுமதி கொடுத்தார். அந்த அம்மாள் பெருமாளை அவ்வளவு நிதானமாக அழைத்தது அன்றைக்குத்தான்.

ஒரே ஒரு முறை அவர் வேறு எண் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பால்காரர் வீட்டுக் குழந்தை, கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர்கூட வராமல் கிடந்தது. மதலைமுத்து அதன் பாதத்தைப் பிடித்தபடி தெர்மாமீட்டரைப் பார்த்தார். "நூத்திநாலு. ஜட்கா வண்டி கூப்புடுங்க, ஆஸ்பத்திரி," என்றார். அப்படியே கொண்டுபோனார்கள், குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிக் குச்சியை எங்கள் தெரு கிட்டத்தட்டக் கோயிலில் வைத்துவிட்டது.

இதைப் பொறுக்க முடியாத ஒரே ஆள் எங்கள் எதிர்வீட்டு சில்வெஸ்டர். தந்தி ஆபீஸில் வேலை. கட்டுக்கட்டு என்று கம்பியில் வருகிற சத்தத்தை எழுத்தாக்கி எழுதுகிறவர். ஆகையால் மனிதர்களைவிட மெஷின்களிடம் அவருக்கு மரியாதை அதிகம். "மனுஷன் மாத்திப் பேசுவான் சார். மெஷின் பொய் சொல்லாது," என்பது அவர் வேதவாக்கு. போன கிறிஸ்துமஸுக்கு மனைவி யூனிஸுக்குப் புடவையும், குழந்தை ஜூடித்துக்கு ஷூவும், தனக்கென்று சௌத் பரேடு இங்கிலீஷ் மருந்துக்கடையிலிருந்து ஒரு புதுத் தெர்மாமீட்டரும் வாங்கினார். அதைப் பயன்படுத்த ஒரு காய்ச்சல் வர வேண்டுமே என்று அவர் காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் காய்ச்சல் வந்தது.

ஜூடித்துக்கு அப்போது ஒன்றரை வயது. பண்டிகை வாரம் முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதன் கையில் ஆளுக்கொரு குல்குல் பலகாரம் கொடுத்துக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காலையில் குடித்த பாலைக் குழந்தை அப்படியே கக்கியது. உடம்பும் லேசாகச் சுட்டது. சில்வெஸ்டர் டியூட்டியில் இருந்தார். யூனிஸ் மதலைமுத்துவுக்குச் சொல்லி அனுப்ப, அவர் வந்து, கை கழுவி, ஜன்னலைத் திறந்து, நூற்றொன்று என்று சொல்லி, பாலை நிறுத்திவிட்டுப் போனார். யூனிஸ் ஸ்பூன் ஸ்பூனாகப் பார்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாந்தியும் நின்றிருந்தது.

சாயங்காலம் சில்வெஸ்டர் வந்தார். புது மெஷினை எடுத்தார். சற்று நேரத்தில் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டார். நான் பார்த்தேன், தொண்ணூற்றொன்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"நூத்தியொண்ணு எங்க கீது சார்? நீங்களே சொல்லுங்க," என்று சிரித்தார். "பட்லர் அந்தத் தொரைகிட்ட காச்சல் பாக்கக் கத்துக்கினாரா, கட்லெட் போடக் கத்துக்கினாரா? புள்ள பசியில அழுவுது, பார்லித் தண்ணி குடுத்துக்கினு இருக்கா இவ!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யூனிஸின் முகம் மலர்ந்தது. "அப்போ காச்சலே இல்லியா? பால் குடுக்கலாமா?" என்றாள்.

"தாராளமா குடு."

ஒரு டம்ளர் பாலில் ரஸ்க்கை நனைத்துக் கொடுத்தாள். ஜூடித் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. நான் பெரிய மனுஷன்போலத் தலையாட்டிவிட்டு என் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பின்னால் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு பாலும் சில்வெஸ்டரின் தந்தி ஆபீஸ் கோட்டில். தாகத்தில் தவித்த குழந்தைக்குச் செம்போடு தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் வந்தது. மெஷின் சொன்னது சத்தியம்தான். அந்தச் சத்தியத்தை வயிற்றுக்கு யாரும் தந்தியடிக்கவில்லை.

காலையில் யூனிஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். குழந்தை அவள் தோளில் பிழியாத துணிபோலக் கிடந்தது. "சார், நீங்க போய்க் கூப்புட்டா வருவாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கூப்புடுவேன்?" என்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்; போகிற வழியெல்லாம் எனக்கு நேற்று ஆட்டிய தலையின் நினைவாகவே இருந்தது.

பங்களாவின் பின்கட்டில் மதலைமுத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை மறைத்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். நேற்று நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"கொழந்த அழுவுதா?"

"அழுகிறது."

"கண்ணுல தண்ணி வருதா?"

வருகிறது என்றேன். "செரி, நடங்க," என்று கோட்டை மாட்டிக்கொண்டார். மிஸ்ஸிமார்களின் பிரேக்ஃபாஸ்ட் பாதியில் நின்றது.

சில்வெஸ்டர் வீட்டில் எங்களுக்காக ஒரு கோப்பை வெந்நீர் காத்திருந்தது. மனிதர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தன் மேல் வருகிற கோபத்தை யார் மேலாவது இறக்கிவைத்தாக வேண்டிய நிலைமை. "பட்லர், கையி அப்பறம் கழுவலாம். மொதல்ல ரெண்டு மெஷினையும் இதுல போடுங்க. யாரு சொல்றது நெஜம்னு இன்னிக்குப் பாத்துடலாம்," என்றார்.

மதலைமுத்து மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கூட்டைத் திறந்து மேஜரின் தெர்மாமீட்டரைக் கோப்பையில் வைத்தார். சில்வெஸ்டருடையதில் பாதரசம் மளமளவென்று ஏறி நூற்றுநாலைத் தொட்டது. மேஜருடையது நூற்றொன்றில் நின்றது. வெளியே எடுத்து உதறினார்கள். சில்வெஸ்டருடையது இறங்கிவிட்டது. மேஜருடையது அப்போதும் நூற்றொன்றுதான். பச்சைத் தண்ணீரில் போட்டாலும், சும்மா மேஜைமேல் வைத்தாலும், அது பிறவி எடுத்ததே நூற்றொன்று சொல்லத்தான் என்பதுபோல் அசையாமல் இருந்தது.

யாரும் பேச வேண்டாம் என்று அன்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இத்தினி நாளும் பொய்யா பட்லரய்யா?" என்றாள் யூனிஸ். "ஒங்க பேச்சக் கேட்டுதானே நேத்து பகல் முச்சூடும் புள்ளைய பட்டினி போட்டேன்!" குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுப்பில் இருந்த பார்லிச் சட்டியை இறக்கிவைத்தாள். ஜூடித் உலர்ந்த உதட்டை அசைத்து "பா... பா..." என்றது. "பாலுல தண்ணி ஊத்திக் குடு. வெறும் வயிறு, அதான் பொரட்டுது," என்றார் சில்வெஸ்டர். யூனிஸ் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள். நேற்று வந்ததைப்போல் இன்னும் இரண்டு முறை வந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்று எனக்கே தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் நேற்றுத் தலையாட்டியவன் இன்று என்ன சொல்ல?

மதலைமுத்து தம் தெர்மாமீட்டரைத் துடைத்துப் பஞ்சில் வைத்துக் கூட்டை மூடினார். பிறகு சில்வெஸ்டரிடம் கையை நீட்டினார்.

"ஒங்களுத குடுங்க. நல்ல மெஷினுன்னு எல்லாரும் பாத்தாச்சில்ல? அதுலயே பாக்கலாம்."

சில்வெஸ்டரால் மறுக்க முடியவில்லை. மதலைமுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். சோப்பு, தண்ணீர், துவைத்த துண்டு, ஜன்னல். புதுத் தெர்மாமீட்டர் அக்குளுக்குப் போயிற்று. இன்னொரு கை பாதத்தைப் பிடித்தது. உதடு அசைந்தது. யூனிஸ் பால் டம்ளரோடு நின்றாள். ஜெபம் முடிந்து அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தபோது நான் அவர் தோளுக்குப் பின்னால் இருந்தேன். வெள்ளிக்கோடு நூற்றைத் தொடக்கூட இல்லை. தெளிவாகத் தெரிந்தது.

"நூத்தியொண்ணு," என்றார் மதலைமுத்து.

சில்வெஸ்டர் பாய்ந்து கையை நீட்டினார். அதற்குள் மணிக்கட்டு ஓர் உதறு உதறியாகிவிட்டது.

"ஏறிடுச்சு," என்று சொல்லித் தெர்மாமீட்டரை மரியாதையோடு சொந்தக்காரரிடம் கொடுத்தார். சில்வெஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் பொய் சொல்லாது என்று தெருவுக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். யூனிஸ் பால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பார்லிச் சட்டியை அடுப்பில் ஏற்ற ஓடினாள்.

முற்பகல் முழுவதும் மதலைமுத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்பூன், பத்து மந்திரம். ஜூடித் ஸ்பூனைப் பிடித்து இழுத்தது, அழுதது, அவர் இரங்கவில்லை. மந்திரம் சொல்லும் பொறுப்பு சில்வெஸ்டருக்கு. பழக்கதோஷத்தில் அவர் தந்தி வேகத்தில் சொல்லிக்கொண்டு போக, "திரும்பி மொதல்லேந்து," என்று இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டார். எதுவும் வெளியே வரவில்லை. மத்தியானம் ஜூடித் மதலைமுத்துவின் மடியிலேயே தூங்கிப்போய், அவருடைய வெள்ளை டிரில் நிஜாரைத் தாராளமாக நனைத்தது.

"சபாஷ்!" என்றார் மதலைமுத்து. அந்த ஈரத்தை அவர் பார்த்த பார்வையில், துரை மெடல் குத்தியிருந்தால்கூட இவ்வளவு பூரித்திருக்கமாட்டார் என்று தோன்றியது. "இனிமே பயமில்ல. தண்ணி உள்ள நிக்குது."

அவரோடு காக்ஸ் டவுன் வரை நடந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "பட்லர், நான் பின்னாலிருந்து பார்த்தேன். நூறுகூட இல்லையே?"

அவர் அவசரப்படாமல் நடந்தார். "சாருக்குக் கண்ணு நல்லா தெரியுது," என்றார். பிறகு, "நூறுக்குக் கம்மின்னா ஒண்ணுமில்லன்னு பால் குடுத்துருவாங்க சார். நேத்து குடுக்கல? நூத்திமூணுன்னா அழுவாங்க, அழுதுக்கினே ஊருல கீற மருந்தெல்லாம் வாயில ஊத்துவாங்க. நூத்தியொண்ணுன்னாதான் சொன்னதக் கேப்பாங்க," என்றார்.

"அப்படியென்றால் மேஜருடையது கெட்டுப்போனது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"கெட்டுப்போவல. குடுக்கறப்பவே அப்டித்தான் இருந்துச்சு." அவர் சிரித்தார். "நல்லதா இருந்தா தொரை எதுக்கு சார் எனக்குக் குடுக்கறாரு?"

பங்களா கேட்டில் நின்று நிஜாரின் ஈரத்தைக் கோட்டால் மறைத்துக்கொண்டு, பின்கட்டு வழியாக உள்ளே போனார். அன்று மிஸ்ஸிமார்களுக்கு என்ன சமாதானம் சொன்னாரோ தெரியாது. சில நாள் கழித்து யூனிஸ் அந்தப் புதுத் தெர்மாமீட்டரை அவரிடமே கொடுத்துவிட்டாள். அது வீட்டில் இருந்தால் சில்வெஸ்டர் வேளைக்கு ஒரு தடவை குழந்தைக்கு வைத்துப் பார்க்கிறாராம். இப்போது கூட்டுக்குள், பஞ்சில், மேஜருடையதோடு அதுவும் படுத்திருக்கிறது.

போன வாரம் எங்கள் சின்னவனுக்கு உடம்பு சுட்டது. இரண்டு தடவை வாந்தி. கூப்பிடப் போனவன் நான்தான். மதலைமுத்து வந்தார், கழுவினார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். எங்கள் வீட்டு அடுப்பங்கரைப் படியைத் தாண்ட அவரும் நினைப்பதில்லை, நாங்களும் அழைப்பதில்லை; கூடத்திலிருந்தே, "பார்லி இருக்காம்மா?" என்று கேட்டுவைத்தார். சின்னவனின் பாதம் அவர் உள்ளங்கையில் இருந்தது.

என் மனைவி கோமளம் கேள்விப்பட்டவற்றை எல்லாம் மறக்காதவள். ஒரு கையில் ஆற்றிய பால் டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டு, "அவர் சொல்றது இருக்கட்டும். நீங்க பாத்துச் சொல்லுங்கோ, எவ்வளவு இருக்கு?" என்றாள்.

மதலைமுத்து புதுத் தெர்மாமீட்டரை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். தொண்ணூற்றொன்பதும் கொஞ்சமும். நான் அதைப் பார்த்தேன். கோமளத்தின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"நூத்தியொண்ணு," என்றேன்.

மதலைமுத்து மணிக்கட்டை ஓர் உதறு உதறினார்.